லேப்ராஸ்கோபியில் முதல் போர்ட்: வயிற்றுக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை

சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சையில் கண்ணால் பாராமல் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். முதல் ஊசியையும், போர்ட் எனும் நுழைவுக் குழாயை உள்ளே வைக்கும் கூர்முனைக் கருவியான முதல் ட்ரோக்காரையும் வயிற்றுக்குள் செலுத்துவதே அது. பித்தப்பையை எடுத்தாலும் கருப்பையை எடுத்தாலும் குடல்வாலை எடுத்தாலும், அடுத்து வரும் கட்டங்கள் எல்லாம் திரையில் தெரிந்துகொண்டே நடக்கின்றன. இந்தத் தொடக்க நிமிடங்கள் மட்டும் கையின் உணர்வையும் கருவி காட்டும் எண்களையும் நம்பி நடக்கின்றன. லேப்ராஸ்கோபியில் நேரும் பெருங்காயங்களில் ஏறத்தாழப் பாதி இந்த நுழைவின்போதே நேர்கின்றன என்பதால், ஓர் இளம் அறுவை மருத்துவர் முடிச்சுப் போடக் கற்பதற்கு முன்பே இதைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் வழிகாட்டி, ஆயிரம் லேப்ராஸ்கோபிகளில் குடல் காயம் 0.4 என்றும் பெரிய ரத்தக்குழாய்க் காயம் 0.2 என்றும் கணக்குச் சொல்கிறது. எண்கள் சிறியவை என்றாலும், பெருந்தமனி துளைபட்ட நோயாளியைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. குடல் துளைபட்டதைக் கவனிக்காமல் வார்டுக்கு அனுப்பிவிட்டால் வரும் விளைவும் அதே அளவுக்குக் கொடியது. எந்த நுழைவு முறை சிறந்தது என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. காக்ரேன் அமைப்பு பல ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெருங்காயங்களைக் குறைப்பதில் எந்த ஒரு முறையும் மற்றொன்றைவிட மேலானது என்று நிறுவப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே, எனக்குப் பழகிய முறை இது, எல்லோருக்கும் இதையே செய்வேன் என்பது சரியான நிலைப்பாடு ஆகாது. நோயாளியைப் பார்த்து முறையைத் தேர்வதும், தேர்ந்த முறை ஒத்துவரவில்லை என்றால் தாமதிக்காமல் மாற்றிக்கொள்வதும்தான் பாதுகாப்பின் அடிப்படை.

மேசைக்கு வரும் முன்

வயிற்றில் உள்ள ஒவ்வொரு தழும்பையும் பார்த்து, அது எதற்காக, எந்த ஆண்டில் செய்த அறுவை என்று கேட்டறிய வேண்டும். முன்பு அறுவை எதுவும் செய்யாதவர்களில் தொப்புளின் அடியில் ஒட்டல்கள் (குடல் போன்றவை வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்வது) இருக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முன்பு லேப்ராஸ்கோபி மட்டும் செய்தவர்களிலும் அது இரண்டு சதவீதத்தை எட்டுவதில்லை. ஆனால் சிசேரியனுக்குப் போடும் குறுக்குவெட்டுத் தழும்பு உள்ளவர்களில் அது ஏறத்தாழ 20 சதவீதமாகவும், நடுக்கோட்டில் நீளவாக்கில் திறந்தவர்களில் 50 சதவீதத்துக்கு மேலும் உயர்கிறது. தொப்புளுக்கு வெகு கீழே உள்ள ஒரு சிசேரியன் தழும்பு ஐந்தில் ஒருவருக்குத் தொப்புளடியில் ஒட்டலைக் காட்டுகிறது என்பதை நம் ஊர் மகப்பேறு வரலாற்றோடு சேர்த்து நினைக்க வேண்டும். தழும்பே இல்லாத வயிற்றிலும் காசநோய் குடலை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கலாம். எனவே நீண்ட நாள் காய்ச்சல், எடை குறைவு, முன்பு எடுத்த காசநோய் மாத்திரைகள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் இந்தியாவில் எந்த லேப்ராஸ்கோபிக்கு முன்பும் அவசியமானவை.

சம்மதம் பெறும்போது, ஓட்டை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியதுதான் என்று நோயாளியும் உறவினரும் எண்ணியிருப்பதைப் பலமுறை காணலாம். நோயறிவதற்காக மட்டும் செய்யும் லேப்ராஸ்கோபியிலும் ஆயிரத்தில் ஏறத்தாழ இருவருக்குக் கடுமையான சிக்கல் வரக்கூடும் என்பதையும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதையும் எளிய தமிழில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மயக்கம் கொடுத்தபின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது. தசைகள் தளர்ந்த அந்த நேரத்தில்தான், வார்டில் புலப்படாத கட்டியும் பெருத்த மண்ணீரலும் கைக்குத் தெரியும். பெருந்தமனியின் துடிப்பு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கும். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். முகமூடி வழியாகக் காற்றழுத்தியபோது இரைப்பை உப்பியிருக்கலாம் என்று தோன்றினால், மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் ரைல்ஸ் ட்யூப் போட்டு அதைக் காலிசெய்யும்படி மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவிகளைச் சரிபார்ப்பது நர்ஸின் வேலை மட்டுமன்று. வயிற்றுக்குள் வாயு நிரப்ப உதவும் வெரஸ் ஊசியின் மழுங்கிய உள்முனை அழுத்தும்போது உள்ளே போய், விட்டவுடன் துள்ளி வெளியே வருகிறதா என்று அறுவை மருத்துவரே விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். மீண்டும் மீண்டும் கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தும் உலோக ஊசிகளில் ஸ்பிரிங் தளர்ந்தும் கூரிய வெளிமுனை மழுங்கியும் போயிருப்பது உண்டு. மழுங்கிய ஊசிக்குக் கூடுதல் விசை தேவைப்படும், கூடுதல் விசையோ கட்டுப்பாட்டைக் குலைக்கும். ஊசியை, வாயுவைச் செலுத்தும் கருவியான இன்சஃப்லேட்டரில் இணைத்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் வாயுவைத் திறந்தபடி வெளியிலேயே அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டால், ஊசியின் சொந்தத் தடை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு போதுமான அளவு இருக்கிறதா, இன்சஃப்லேட்டரின் திரை அறுவை மருத்துவரின் கண்ணுக்கு நேராக இருக்கிறதா, வயிற்றைத் திறப்பதற்கான கருவித் தொகுப்பு அதே தியேட்டருக்குள் இருக்கிறதா என்பவற்றையும் அப்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தொப்புளுக்கு நேர் பின்னே

பெருந்தமனி நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் அருகில் இரண்டாகப் பிரிகிறது. மெலிந்த உடலில் தொப்புள் கிட்டத்தட்ட அதற்கு நேராகவே இருக்கும். அந்தப் பிரிவுக்குச் சற்றுக் கீழே இடது காலின் ரத்தத்தைக் கொண்டுவரும் இடது பொது இலியாக் சிரை நடுக்கோட்டைக் குறுக்காகக் கடந்து வலப்புறம் போய்ச் சேர்கிறது. வயிற்றுக்குள் வாயு நிரம்பியபின் இந்தச் சிரை தட்டையாக அழுந்திவிடுவதால் கேமராவிலும் எளிதில் தெரியாது. மெலிந்தவர்களில் தோலுக்கும் பெருந்தமனிக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாமல் போகலாம். எனவே மெலிந்த நோயாளியை எளிய நோயாளி என்று கருதுவது தவறு.

உடல் எடை கூடக்கூடத் தொப்புள் கீழ்நோக்கி இறங்குகிறது. ஸ்கேன் படங்களை அளந்து பார்த்த ஓர் ஆய்வில், பருமன் இல்லாதவர்களில் தொப்புள் பெருந்தமனிப் பிரிவுக்குச் சராசரியாக 0.4 செ.மீ. கீழேயும், எடை கூடியவர்களில் 2.4 செ.மீ. கீழேயும், பருமன் மிகுந்தவர்களில் 2.9 செ.மீ. கீழேயும் இருந்தது. ஊசியின் கோணம் பற்றிய விதி இதிலிருந்துதான் பிறக்கிறது. மெலிந்தவர்களிலும் நடுத்தர உடலினரிலும் ஊசியை நடுக்கோட்டிலேயே வைத்து 45 பாகையில் இடுப்புக் குழியை நோக்கிச் செலுத்த வேண்டும். பருமன் மிகுந்தவர்களில் அதே 45 பாகை ஊசியைக் கொழுப்புக்குள்ளேயே நெடுந்தூரம் இழுத்துச் சென்று, வயிற்றறையின் உட்புறச் சவ்வான பெரிட்டோனியத்துக்கு முன்பே நிறுத்திவிடும். அவர்களில் ஊசி 90 பாகையை நெருங்கி ஏறத்தாழச் செங்குத்தாகப் போக வேண்டும். கோணம் எதுவானாலும் நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் சாயக் கூடாது, ஏனெனில் இலியாக் குழாய்கள் இருப்பது அங்கேதான்.

நோயாளி சமதளத்தில் படுத்திருக்க வேண்டும் என்ற விதியும் இதே உடற்கூற்றைச் சார்ந்ததே. தலைப்பக்கத்தை முன்கூட்டியே தாழ்த்திவிட்டால் முதுகெலும்பின் வளைவோடு சேர்ந்து பெருங்குழாய்களும் ஊசியின் பாதைக்குள் வந்துவிடுகின்றன. முதல் போர்ட் உள்ளே போய், சுற்றிலும் பார்த்து முடித்த பிறகே மேசையைச் சாய்க்கச் சொல்ல வேண்டும்.

வெரஸ் ஊசி

இந்த ஊசியை உருவாக்கிய யானோஷ் வெரஸ் ஹங்கேரியைச் சேர்ந்த நுரையீரல் மருத்துவர். காசநோயாளிகளின் மார்புக்கூட்டில் காற்றைச் செலுத்தி நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்த 1930-களில், நுரையீரலைக் குத்திவிடாமல் இருக்க அவர் அமைத்த ஸ்பிரிங் முனைதான் இன்று வயிற்றுக்கும் பயன்படுகிறது.

தொப்புளின் அடிப்பகுதியில் தோலும் ஷீத் எனும் தசையுறையும் பெரிட்டோனியமும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால், வயிற்றுச் சுவரின் மிக மெல்லிய இடம் அதுவே. தொப்புளுக்குள் அழுக்கு இல்லாமல் நன்றாகத் துடைத்தபின், அல்லிஸ் ஃபோர்செப்ஸால் அதை வெளிப்புறமாகத் திருப்பி, அடியிலிருந்து கீழ்நோக்கி நேர்வெட்டாகத் தோலை மட்டும் வெட்ட வேண்டும். மெலிந்த பெண்களிலும் சிறுவர்களிலும் கத்தியின் நுனியே பெரிட்டோனியத்தைக் கடந்துவிடக்கூடும் என்பதால், இங்கே கத்தியைக் குத்தாமல் மேலோட்டமாகவே இழுக்க வேண்டும்.

ஊசியை அதன் தண்டிலேயே, நுனியிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை நோயாளியின் வயிற்றில் ஊன்றிக்கொண்டால் ஊசி திடீரென ஆழமாகப் பாய இடமிருக்காது. வால்வைத் திறந்து வைத்தபடி மெதுவாக அழுத்தும்போது, ஷீத்தைக் கடக்கையில் ஒன்றும் பெரிட்டோனியத்தைக் கடக்கையில் ஒன்றுமாக இரண்டு ‘கிளிக்’குகள் கைக்கும் காதுக்கும் தெரியும். இரண்டாவது கிளிக் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம் என்ற ஆசையே பல காயங்களுக்குக் காரணம்.

வயிற்றுச் சுவரை டவல் கிளிப்பால் தூக்கிப் பிடிப்பது நம் தியேட்டர்களில் பரவலான வழக்கம். எனினும் தூக்கிப் பிடிப்பதால் காயம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. கனடா நாட்டு மகளிர் நோய் மருத்துவர்களின் வழிகாட்டியும் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது. தோலும் கொழுப்பும் மட்டும் எழும்பி, பெரிட்டோனியம் கீழேயே தங்கிவிட்டால் ஊசி இரண்டுக்கும் இடையில் போய் நிற்கும். தூக்காமல் செலுத்தும்போது நுழைவு தவறுவது குறைவு என்று ஒப்பீட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. மெலிந்த உடலில் சுவர் அசையாதிருக்கக் கையால் பற்றிக்கொள்வது வேறு. அதை நான் ஏற்கிறேன்.

ஊசி உள்ளே போனபின் அதன் நுனி தடையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் ஆட்டும் பழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். ஊசி குடலிலோ ரத்தக்குழாயிலோ நுழைந்திருந்தால், 1.6 மி.மீ. அளவேயான துளையை அந்த ஆட்டம் ஒரு சென்டிமீட்டர் வரை கிழிக்கக்கூடும். சிரிஞ்சால் இழுத்துப் பார்ப்பது, உப்புநீரைச் செலுத்தி மீண்டும் உறிஞ்சிப் பார்ப்பது, ஊசியின் வாயில் வைத்த நீர்த்துளி உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகளால் கேடில்லை. ரத்தமோ குடல்நீரோ வந்தால் அவை உடனே எச்சரிக்கவும் செய்யும். ஆனால் அவை சரியாக வந்தன என்பதை மட்டும் வைத்து ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது. எல்லாவற்றிலும் நம்பத்தகுந்தது தொடக்க அழுத்தமே. வாயுவை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் திறந்தவுடன் அழுத்தம் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்து, வாயு தடையின்றி ஓடினால் ஊசி பெரிட்டோனியக் குழிக்குள் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பருமன் மிகுந்தவர்களில் இந்தத் தொடக்க எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

அழுத்தம் உயர்ந்து, வாயு ஓடாமல் நின்றால், முதலில் வால்வு மூடியிருக்கிறதா, ட்யூப் மடங்கியிருக்கிறதா, தசைத்தளர்ச்சி போதுமா என்று பார்க்க வேண்டும். ஊசியின் முனை, குடலை முன்புறம் மூடிய கொழுப்புத் திரையான ஒமெண்டத்தில் பட்டு அடைபட்டிருந்தால் ஒரு மில்லிமீட்டர் அளவு பின்னிழுத்தாலே வாயு ஓடத் தொடங்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் வாயுவை நிறுத்திவிட்டு ஊசியை எடுத்துவிட வேண்டும். பெரிட்டோனியத்துக்கு முன்னே வாயு நிரம்பிவிட்டால் அந்தச் சவ்வு பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த முயற்சி முந்தையதைவிடக் கடினமாகிவிடும். வயிறு ஒரே சீராக உப்பாமல் ஒரு பக்கம் மட்டும் எழும்புவதும், விரலால் தட்டும்போது கல்லீரலின் மந்த ஒலி மாறாமல் இருப்பதும் இதன் அறிகுறிகள்.

முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். இரண்டு முறை ஊசி சரியாக அமையவில்லை என்றால் மூன்றாம் முறை அதே இடத்தில் குத்தக் கூடாது. முயற்சி கூடக்கூடச் சிக்கல்களும் செங்குத்தாக ஏறுகின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகவே வந்திருக்கிறது. அந்த நிலையில் இடது விலா விளிம்புக்குக் கீழுள்ள பால்மர் புள்ளிக்கோ திறந்து நுழையும் ஹாசன் முறைக்கோ மாறிவிட வேண்டும். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, இன்னும் ஒருமுறை பாருங்கள் என்று சொன்னாலும் இந்த வரம்பைத் தாண்டாத உறுதி இளம் மருத்துவருக்கு வேண்டும். அப்படி மாறும் மாணவரைக் கடிந்துகொள்ளாத பண்பு மூத்தவருக்கு வேண்டும்.

அழுத்தமும் முதல் ட்ரோக்காரும்

எத்தனை லிட்டர் வாயு போயிருக்கிறது என்பதைவிட அழுத்தம் எவ்வளவு என்பதே முக்கியம். ட்ரோக்காரை அழுத்தும்போது வயிற்றுச் சுவர் உள்வாங்கிக் குடலை நோக்கி இறங்குகிறது. தொப்புளில் மூன்று கிலோ விசையில் அழுத்திப் பார்த்த ஆய்வில், உள்ளழுத்தம் 10 மி.மீ. இருந்தபோது சுவருக்கும் அடியில் உள்ள உறுப்புகளுக்கும் இடையே சராசரியாக 0.6 செ.மீ. மட்டுமே இடைவெளி இருந்தது, 25 மி.மீ. இருந்தபோது அதே இடைவெளி 5.6 செ.மீ. ஆயிற்று. அதனால்தான் முதல் ட்ரோக்காரைச் செலுத்தும் வரை அழுத்தத்தை 20 முதல் 25 மி.மீ. வரை உயர்த்தி, போர்ட்கள் எல்லாம் உள்ளே போனபின் 12 முதல் 15 மி.மீ. அளவுக்குக் குறைக்கச் சொல்கிறோம். நல்ல உடல்நிலையில் உள்ளவர், சமதளத்தில் படுத்திருக்கும்போது, இந்தச் சில நிமிட உயரழுத்தத்தைத் தாங்கிக்கொள்வார். இதய நோயோ கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்களிடம் இதைச் செய்யாமல், தொடக்கத்திலேயே திறந்து நுழைவது நல்லது என்பது என் கருத்து. எப்படியாயினும் அழுத்தத்தை உயர்த்தும்முன் மயக்க மருந்து நிபுணரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிட்டோனியம் விரிவடையும்போது வேகஸ் நரம்பின் தூண்டலால் இதயத்துடிப்பு திடீரெனக் குறையலாம். அப்போது வாயுவை நிறுத்தி வெளியேற்றிவிட்டு, துடிப்பு சீரானபின் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும்.

தோல் வெட்டு ட்ரோக்காரின் அளவுக்குப் போதாமல் இருந்தால், கை அறியாமல் விசையைக் கூட்டும். தடை அகன்ற கணத்தில் கருவி பாய்ந்துவிடும். எனவே வெட்டு போதுமானதா என்பதைக் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ட்ரோக்காரின் தலைப்பகுதி உள்ளங்கையில் பதிந்திருக்க, ஆட்காட்டி விரலைத் தண்டின்மேல் நீட்டித் தடுப்பாக வைத்துக்கொண்டு, தொப்புளின் அடிப்பகுதி வழியாகத் தோலுக்குச் செங்குத்தாக, அரைவட்டமாகத் திருகியபடி நிதானமாக அழுத்த வேண்டும். முனை உள்ளே போனவுடன் நிறுத்திக் கூர்முனையை வெளியே எடுத்துவிட்டு, வெளிக்குழாயை மட்டும் தள்ள வேண்டும். பாதுகாப்பு உறை கொண்ட ட்ரோக்கார்களில் அந்த உறை மூடிக்கொள்ள ஒரு கணம் ஆகும். காயம் நேர அந்த ஒரு கணமே போதும் என்பதால் பெயரில் உள்ள பாதுகாப்பை முழுவதும் நம்பிவிடக் கூடாது.

கேமரா உள்ளே போனதும் பார்க்க வேண்டிய முதல் இடம் பித்தப்பையோ கருப்பையோ அன்று; நுழைந்த இடத்தின் நேர் அடிப்பகுதியே. அங்கே குடலிலோ, குடலைத் தாங்கும் மடிப்பான மெசென்டரியிலோ, ஒமெண்டத்திலோ ரத்தக்கசிவோ துளையோ இருக்கிறதா, முதுகுப்புறச் சவ்வின் அடியில் ரத்தம் கட்டிப் பெருகுகிறதா என்று பார்த்தபின், கேமராவை முழுச் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். தொப்புளைச் சுற்றிக் குடல் ஒட்டியிருக்கும் ஐயம் தோன்றினால், வேறிடத்தில் ஒரு 5 மி.மீ. போர்ட் போட்டு, அதன் வழியாக முதல் போர்ட்டை உட்புறத்திலிருந்து பார்க்க வேண்டும். குடலின் ஒரு சுவரில் புகுந்து மறுசுவரில் வெளிவந்த ட்ரோக்காரைக் கண்டுபிடிக்க இதைவிட உறுதியான வழி இல்லை.

தழும்பு உள்ள வயிறு: பால்மர் புள்ளி

நடுக்கோட்டில் தழும்பு இருந்தாலும், தொப்புளில் ஹெர்னியா இருந்தாலும், தொப்புள் வழியாக இரண்டு முறை முயன்றும் அமையவில்லை என்றாலும், இடது விலா விளிம்புக்கு 3 செ.மீ. கீழே, காரையெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பிரான்சின் மகளிர் நோய் மருத்துவர் ரவூல் பால்மரின் பெயரால் வழங்கும் இந்த இடத்தில் ஒட்டல்கள் அரிது. விலா எலும்பு சுவரைத் தாங்கிப் பிடிப்பதால் சுவர் அதிகம் உள்வாங்குவதும் இல்லை. இங்கே ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாகச் செலுத்த வேண்டும். தசையுறை இரண்டு அடுக்காக இருப்பதால் மூன்று தடைகள் கைக்குத் தெரியலாம். மெல்லிய கேமராவை முதலில் இங்கே செலுத்தி, தொப்புளின் அடிப்பகுதி ஒட்டலின்றி இருக்கிறதா என்று பார்த்த பிறகு, அந்தப் பார்வையின் கீழே பெரிய போர்ட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

இரைப்பையைக் காலிசெய்யாமல் இந்தப் புள்ளியைத் தொடவே கூடாது. மண்ணீரல் அல்லது கல்லீரல் பெருத்தவர்கள், கல்லீரல் சுருக்கத்தால் போர்ட்டல் சிரையழுத்தம் உயர்ந்தவர்கள், இரைப்பையிலோ மண்ணீரலிலோ முன்பு அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இந்த வழி உகந்ததன்று. மலேரியாவும் கல்லீரல் நோய்களும் உள்ள நம் நாட்டில் மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது வெறும் சடங்காகிவிடக் கூடாது.

திறந்து நுழையும் ஹாசன் முறை

1971-இல் அமெரிக்காவில் ஹாரித் ஹாசன் விவரித்த இந்த முறையில் குருட்டுக் குத்து என்பதே இல்லை. தொப்புளின் அடியிலோ மேலோ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தோலை வெட்டி, சிறிய ரிட்ராக்டர்களால் கொழுப்பை விலக்கி, ஷீத் வெண்மையாகத் தெரியும் வரை இறங்க வேண்டும். கோக்கர் ஃபோர்செப்ஸால் ஷீத்தின் இருபுறத்தையும் பிடித்துத் தூக்கி நேராக வெட்டி, இரு விளிம்பிலும் தடித்த விக்ரில் தையல் ஒவ்வொன்றைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பின் பெரிட்டோனியத்தை இரண்டு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் சிறு மடிப்பாகத் தூக்கி, அந்த மடிப்பை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, குடல் சிக்கவில்லை என்று தெரிந்தபிறகு கத்தரிக்கோலால் திறக்க வேண்டும். சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவினால் ஒட்டல் இருப்பது விரலுக்கே தெரிந்துவிடும். மழுங்கிய முனை கொண்ட ஹாசன் கேனுலா எனும் குழாயைச் செலுத்தி, அதன் கூம்பு ஷீத்தின் வாயை அடைக்குமாறு தையல்களை அதில் இறுக்கிக் கட்டினால் வாயு கசியாது.

இந்த முறையில் பெரிய ரத்தக்குழாய்க் காயம் மிக மிக அரிது. குடல் காயம் அறவே நேராது என்று சொல்ல முடியாது. தொப்புளின் அடியிலேயே ஒட்டிக்கிடக்கும் குடல் கத்தரிக்கோலிலும் சிக்கலாம். ஆனால் அந்தக் காயம் கண்முன்னே நேர்வதால் அப்போதே தெரிந்துவிடுகிறது, அப்போதே தைக்கவும் முடிகிறது. மிகவும் மெலிந்தவர்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் நான் இதையே முதலில் பரிந்துரைப்பேன். கர்ப்பப்பை மேலே ஏறிவிட்ட மாதங்களில் தொப்புளை விட்டுவிட்டு, கர்ப்பப்பையின் மேல் விளிம்பைக் கையால் தொட்டுக் கண்டு, அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே நுழைய வேண்டும். தாயை இடப்புறம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைப்பதோடு அழுத்தத்தையும் 10 முதல் 15 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாயு நிரப்பாமலேயே ட்ரோக்காரைச் செலுத்தும் நேரடி முறையை 1978-இல் டிங்ஃபெல்டர் வெளியிட்டார். வெரஸ் ஊசியோடு ஒப்பிட்டால் நுழைவு தவறுவது இதில் குறைவு என்றாலும், கை நன்றாகப் பழகிய மருத்துவர்களுக்கே இது பொருந்தும். கண்ணாடி முனை ட்ரோக்காருக்குள் நேர்ப்பார்வை கேமராவை வைத்து, மஞ்சள் கொழுப்பு, வெண்ணிற ஷீத், செந்நிறத் தசை, மீண்டும் வெண்மை, பின் பெரிட்டோனியம் என்று அடுக்கடுக்காகப் பார்த்தபடி நுழையும் முறை பருமன் மிகுந்தவர்களில் நன்றாகப் பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அழுத்தும் விசையைக் கூட்டிவிடாமல் இருப்பதே அதில் கவனிக்க வேண்டியது.

மற்ற போர்ட்கள்

இரண்டாவது போர்ட்டிலிருந்து எல்லாமே கேமராவின் பார்வையில், தோலுக்குச் செங்குத்தாக நடக்க வேண்டும். பக்கவாட்டு போர்ட்களில் காயப்படுவது பெரும்பாலும் கீழ் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாய்கள்தான். கேமராவின் வெளிச்சத்தில் வெளியிலிருந்து தெரிவது தோலடிக் குழாய்கள் மட்டுமே; எபிகாஸ்ட்ரிக் குழாய்கள் தசைக்குப் பின்னே இருப்பதால், அவற்றை உட்புறத்திலிருந்து நேரடியாகப் பார்த்து, அவற்றுக்கு வெளிப்புறமாக இடத்தைத் தேர வேண்டும். முனை பெரிட்டோனியத்தைத் துளைத்தவுடன் அதைத் திரையில் பின்தொடர்ந்து, காலியான இடத்தை நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும்.

காயம் நேர்ந்துவிட்டால்

ஊசியின் வழியே ரத்தம் வந்தாலோ, ரத்த அழுத்தம் காரணமின்றிச் சரிந்தாலோ, பெரிய ரத்தக்குழாய் காயப்பட்டிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். ரத்தம் முதுகுப்புறச் சவ்வின் பின்னே கட்டிக்கொள்ளும்போது வயிற்றுக்குள் கொஞ்சம்தான் தெரியும். திரையில் ரத்தம் இல்லை என்பதால் நிம்மதி அடையக் கூடாது. ஊசியையோ ட்ரோக்காரையோ பிடுங்காமல், வால்வை மூடி, அப்படியே இருக்க விட வேண்டும். மயக்க மருந்து நிபுணரிடம் உரக்கச் சொல்லி, ரத்தத்துக்கும் உதவிக்கும் ஆளனுப்பிவிட்டு, உடனே நடுக்கோட்டில் வயிற்றைத் திறந்து, காயப்பட்ட இடத்தைக் கையாலோ பேடாலோ அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்துவிடும். ரத்தக் குளத்துக்குள் கண்மூடித்தனமாகக் கிளாம்ப் போட முயல்வது சிரையை இன்னும் கிழித்துவிடும். அழுத்திய கையை எடுக்காமல், நோயாளியின் ரத்த அழுத்தம் மீளும் வரையும், ரத்தக்குழாய் அறுவை நிபுணர் வந்து சேரும் வரையும் காத்திருக்க வேண்டும்.

மலமோ குடல்நீரோ ஊசியில் வந்தால் வாயுவைத் திறக்காமல், ஊசியை அங்கேயே விட்டுவிட்டு, வேறு இடத்தின் வழியாக நுழைந்து காயத்தைப் பார்க்க வேண்டும். ட்ரோக்காரே குடலுக்குள் போயிருந்தால் அதை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் துளையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். குடலின் எதிர்ச்சுவரையும் திருப்பிப் பார்த்த பிறகே ஒரு துளைதான் என்று முடிவுசெய்ய வேண்டும். வெளியே சிறுநீர் சேகரிக்கும் கதீட்டர் பை வாயுவால் உப்பினாலோ சிறுநீரில் ரத்தம் வந்தாலோ சிறுநீர்ப்பைக் காயத்தை நினைக்க வேண்டும்.

வாயு நேரடியாகச் சிரைக்குள் போய்விடுவது அரிது; ஆனால் அது நேரும் வேகம் மிகுதி. வாயுவைத் திறந்த உடனேயே வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு அளவு திடீரெனச் சரிந்து, ரத்த அழுத்தமும் வீழ்ந்தால், வாயுவை நிறுத்தி வயிற்றிலிருந்து வெளியேற்ற வேண்டும். நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்து, நோயாளியை இடப்பக்கம் திருப்பித் தலையைத் தாழ்த்த வேண்டும்.

மூடுவதும் அதன் பின்னும்

போர்ட்களை ஒவ்வொன்றாகக் கேமராவின் பார்வையில் எடுத்து, துளையில் ரத்தம் வருகிறதா என்று அழுத்தம் குறைந்த நிலையிலும் பார்க்க வேண்டும். அழுத்தம் இருக்கும் வரை சிரைக்கசிவு வெளிக்காட்டாமல் அடங்கியிருக்கும். முதல் போர்ட்டை எடுக்கும்போது கேமராவை உள்ளேயே வைத்து மெதுவாக வெளியே இழுத்தால், துளையின் பாதையில் குடல் ஏதும் மாட்டியிருப்பது கடைசி வாய்ப்பாகத் தெரியவரும். நடுக்கோட்டில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகளுக்கும், பக்கவாட்டில் 7 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகளுக்கும் ஷீத்தைத் தனியாகத் தைக்க வேண்டும். தோலை மட்டும் தைத்துவிட்டால் பின்னாளில் அந்தத் துளையில் குடல் புகுந்து ஹெர்னியா ஆகலாம்.

அறுவைக் குறிப்பில், எந்த முறையில் நுழைந்தோம், எத்தனை முயற்சி தேவைப்பட்டது, தொடக்க அழுத்தம் எவ்வளவு, நுழைந்த இடத்தின் அடிப்பகுதியைப் பார்த்தோமா என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். இரவுப் பணியில் உள்ள மருத்துவர் ஒரு நோயாளியின் வயிற்றுவலியை மதிப்பிடும்போது இந்த நான்கு வரிகள் அவருக்கு உதவும்.

லேப்ராஸ்கோபி செய்துகொண்டவரின் உடல்நிலை மணிக்கு மணி தேறிக்கொண்டே வர வேண்டும். மறுநாள் வலி கூடினாலோ, நாடித்துடிப்பு உயர்ந்தாலோ, வயிறு உப்பினாலோ, சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னாலோ, தெரியாமல் போன குடல் காயமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, மூத்த மருத்துவர் நேரில் வந்து பார்த்து, சி.டி. ஸ்கேன் எடுக்கவோ மீண்டும் கேமரா விட்டுப் பார்க்கவோ முடிவுசெய்ய வேண்டும். வெள்ளணுக்கள் இயல்பாகவோ குறைந்தோ இருப்பது இந்த ஐயத்தை நீக்காது. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் நோயாளியின் கையிலும், உடன் வந்தவரின் கையிலும், இந்த அறிகுறிகளையும் இரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும்.